கார்புரேட்டருக்கு வைத்த பொட்டு

முருகன் துணை. ஊரில் பெரியவர் சிறியவர் எல்லாரையும் மனதில் நிறுத்தி, மலாயா கெடா மாநிலம் குருணிலிருந்து எழுதுகிறேன்.

1

நேற்று இங்கே ஆயுத பூஜை. வண்டியின் ஹெட்லைட், ஸ்டியரிங், ஹாரன், நாலு சக்கரம் என்று என் மனைவி பாக்கியம் இருபது இடத்துக்கு மேல் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். பானெட்டைத் திறந்து என்ஜினுக்கும் வைத்தாள். ஓர் இடம் வந்ததும் கையை நிறுத்தி, "இங்கே வேணாம்ல?" என்று என்னைப் பார்த்தாள்.

"வேணாம்" என்றேன்.

கடுகு நுழைகிற அளவு ஒரு துவாரம் அது. போன வருஷம் அந்தக் கடுகளவு இடத்தில் ஒரு மனுஷி உயிர் மாட்டிக்கொண்டு நின்றது. ஒரு வருஷமாக யாருக்கும் எழுதாமல் வைத்திருந்தேன். நேற்று அவள் கை நின்றதும், இனி எழுதிவிடலாம் என்று தோன்றியது. நம் ஊர்ப் படிப்பகத்தில் இதை உரக்க வாசிக்கிறவர் கார்புரேட்டர் என்ற வார்த்தையில் தடுக்கி விழ வேண்டாம். நானும் முதலில் அதில்தான் விழுந்தேன். மோட்டார் வண்டியில் காற்றும் பெட்ரோலும் கலக்கிற இடம் அது. நமக்கு மூக்கும் வாயும் எப்படியோ, வண்டிக்கு அது அப்படி.

2

இங்கே அவசரகாலம் இன்னும் தீரவில்லை. காட்டுக்குள் துப்பாக்கியோடு இருப்பவர்களும் ராணுவமும் ஒருவரை ஒருவர் தேடிக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் பால்மரம் வெட்டுகிற, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிற சனம். சனம் குடியிருக்கிற தோட்டத்து லயன் வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டாயிற்று. மாலை ஆறு மணிக்கு கேட் பூட்டினால் காலையில்தான் திறக்கும். வேலிக்கு வெளியே ஒரு பிடி சோறு போகக் கூடாது. காட்டில் இருப்பவர்களுக்குக் கொடுத்துவிடுவோமாம். மரம் வெட்டப் போகிறவர்களின் தூக்குச் சட்டியைக்கூடத் திறந்து பார்க்கிறார்கள். கோயில் சுண்டலைக் கொண்டுபோகவும் சீட்டு கேட்கிறார்கள்.

எங்கள் ஊரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு தோட்டம். பெரிய ரோட்டிலிருந்து அங்கே போக ஏழு மைல் மண்பாதை. அந்தத் தோட்டத்துக்கு நோயாளிகளை ஏற்றிப்போக ஒரு லோரி இருந்தது. அதைக் காட்டில் இருப்பவர்கள் ஒரு வளைவில் நிறுத்தி, ஆட்களை இறக்கிவிட்டுக் கொளுத்திவிட்டார்கள். கருகிய இரும்புக்கூடு இன்னும் அங்கேதான் கிடக்கிறது. எரிஞ்ச வளைவு என்று சொன்னால் எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பிறகு அங்கே யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் வண்டி கிடையாது. டாக்சிக்காரர் யாரும் போக மாட்டார்கள்.

என்னிடம் ஓர் அமெரிக்கக் கார் உண்டு. யுத்தத்துக்கு முந்தியது, ஆறு சிலிண்டர். ஜப்பான்காரன் காலத்தில் ஒரு சீன முதலாளி அதை வைக்கோல் போருக்குள் மூன்றரை வருஷம் ஒளித்து வைத்திருந்தார். பிறகு வந்த விலைக்கு எனக்குத் தள்ளிவிட்டார். நீளத்தைப் பார்த்துவிட்டு இங்கே அதைக் கப்பல் என்பார்கள். ஆறு பேர் உட்காரலாம், இல்லையென்றால் ஒருவரைப் படுக்கவைத்துக் கொண்டுபோகலாம்.

ஜப்பான்காரன் காலத்தில் வண்டி கிடைக்காமல் என் தம்பியைக் கதவுப் பலகையில் வைத்துத்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனோம். பாதி வழியில் போய்விட்டான். ஆகவே அந்தத் தோட்டத்து டிரஸ்ஸர் ஐயா, அதாவது அங்கே மருந்து கொடுக்கிறவர், என்னிடம் வந்து கேட்டபோது யோசிக்காமல் சரி என்றேன்.

அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "உங்க வண்டி எங்கே வேணா நிக்கட்டும். அந்த ஏழு மைல்ல மட்டும் நிக்கவே கூடாது."

அனுமதிக்கு மூன்று பக்க ஃபாரம். வண்டி எதற்கு என்ற கேள்விக்குப் புண்ணியத்துக்கு என்று எழுதச் சொன்னேன். எழுதிக்கொடுத்த கிராணி, அதாவது குமாஸ்தா, சிரித்துவிட்டு, டாக்சி என்று போட்டார்.

3

வைக்கோலுக்குள் கிடந்ததில் கப்பலின் கார்புரேட்டர் உள்ளே பூத்துப்போய், மூடி விரிசல் விட்டிருந்தது. வேறு வாங்க வேண்டும். அலோர் ஸ்டாரில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் காதர் நானாவிடம் போனேன். அவருக்கு ராமநாதபுரம் பக்கம். மெர்கோங்கில் வீடு. வேலையில் கை வைப்பதற்கு முன்னால் பிஸ்மி சொல்லுவார்.

மேஜையில் மூன்றை எடுத்து வைத்தார். முதலாவது ராணுவ லோரியில் இருந்து கழற்றியது, பளபளவென்று, என் இரண்டு கை சேர்ந்த அளவு. இரண்டாவது சின்ன இங்கிலீஷ் காருடையது. மூன்றாவது என் வண்டி சாதியைச் சேர்ந்ததே, ஆனால் கறுத்து, துருவேறி, தொளதொளவென்று ஆடிக்கொண்டிருந்தது.

நான் பெரியதன்மேல் கை வைத்தேன். "இதைப் போட்டா பறக்கும் போலிருக்கே நானா."

"பறக்கும் அண்ணே, உங்க பெட்ரோல் டின்னு. பச்சப்புள்ள வாயில அண்டாவைச் சாய்ச்ச மாதிரி. அது குடிக்குமா, மூச்சு முட்டுமா?"

"அப்ப சின்னது?"

"அது ஆறு சிலிண்டரையும் பட்டினி போடும். மேட்டுல ஏறும்போது அழும்."

"மூணாவது செத்துப்போன மாதிரி இருக்கே."

"அண்ணே, அளவு அது ஒண்ணுதான் சரி. அழுக்கைக் கழுவலாம். அளவைக் கழுவ முடியுமா?"

அவர் பிரித்துக் காட்டினார். உள்ளே இத்தனூண்டு பித்தளைக் குழாய்கள், அவற்றில் ஊசிமுனைத் துவாரங்கள். அதில் கம்பி விட்டுக் குத்தக் கூடாதாம். ஒரு மயிரிழை பெருத்தாலும் கணக்கு போய்விடுமாம். வாயால் ஊதினார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து என்னையும் பார்க்கச் சொன்னார். ஒரு நட்சத்திரம் போல் தெரிந்தது. பித்தளை மிதவையை வெந்நீரில் முக்கி, குமிழ் வருகிறதா என்று பார்த்தார். வந்தது. ஒரு சொட்டு ஈயம் வைத்து அடைத்தார். ஆடிய தண்டுக்குப் பித்தளைப் பூண் போட்டார்.

கடைசியில் மூடியைக் கையில் எடுத்தார். அதன் நடு நெற்றியில் அந்தக் கடுகுத் துவாரம்.

"இதைப் பாருங்க. உள்ளே பெட்ரோல் நிக்கிற தொட்டிக்கு இதுதான் மூக்கு. சூட்டுல உள்ளே ஆவி கிளம்பும். இது வழியா வெளியே போயிரணும். போகலைன்னா பெட்ரோலை அமுக்கி என்ஜினுக்குள்ள ஊத்திரும். கரும்புகை கக்கிட்டு வண்டி நின்னுரும்."

கேட்டேன். தலையாட்டினேன். என் காதில் விழவில்லை என்று சொல்ல எனக்கு வழியில்லை.

4

மாட்டி முடித்ததும் சுருதி சேர்த்தார். இங்கே அதற்கு டியூன் என்பார்கள். எனக்கு அது சுருதி சேர்க்கிற வேலையாகத்தான் தோன்றியது. ஒரு சின்ன திருகாணி. உள்ளே திருகினால் என்ஜின் தடுமாறுகிறது. வெளியே திருகினால் மறுபடி தடுமாறுகிறது. இரண்டு தடுமாற்றத்துக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. அதைக் கண்ணால் பார்க்க முடியாது. நானா கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சாய்த்து, கால் திருகு, அரைக்கால் திருகு என்று தேடினார்.

பிறகு என்னிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார். குடிக்கத்தான் என்று கொடுத்தேன். அவர் அதை ஓடுகிற என்ஜினின் தலைமேல் வைத்தார்.

தண்ணீரில் வளையம் வளையமாக அலை. இன்னும் ஒரு நூல் திருகினார். அலை சின்னதாயிற்று. இன்னும் ஒரு நூல்.

நின்றுவிட்டது.

ஆறு சிலிண்டருக்குள் நெருப்பு வெடித்துக்கொண்டிருக்கிறது. மேலே டம்ளரில் தண்ணீர் கோயில் குளம் மாதிரி கிடக்கிறது. கடையின் தகரக்கூரை ஓட்டை வழியாக வந்த வெளிச்சம் அதில் வட்டமாக விழுந்திருந்தது. எந்த தேசத்திலோ, நம்மைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவன், ஆவி போகிறதற்குக்கூட வழி யோசித்து இதைச் செய்திருக்கிறான். அவனுக்கு அந்தப் புத்தியைக் கொடுத்தவன் யார்? கையெடுத்துக் கும்பிட்டேன்.

"எதை அண்ணே கும்பிடுறீங்க?"

"தெரியலை நானா."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் அவர்.

5

பத்து நாள் கப்பல் தேர் மாதிரி ஓடியது. பதினோராம் நாள் போன வருஷத்து ஆயுத பூஜை.

நம் ஊர்த் தோப்புக் கிணற்றில் இருந்த ஆயில் என்ஜின் உங்களுக்கு நினைவிருக்கும். நான் அதில் வேலை பார்த்தபோது வருஷா வருஷம் அதன் மேல் கை நிறையச் சந்தனம் அப்புவேன். அது ஒரு நாளும் மறுத்ததில்லை. அந்தப் பழக்கத்தில்தான் பாக்கியத்திடம், "இந்த வருஷம் கார்புரேட்டருக்கும் வை. அதுதான் நமக்குச் சோறு போடுது" என்றேன். அந்த மூடியைப் பார்த்தால் பொட்டு வைப்பதற்கென்றே செய்த நெற்றி மாதிரி இருக்கும். நெற்றியின் நடுவில்தானே பொட்டு வைப்பார்கள்? அவளும் நடுவில்தான் வைத்தாள்.

மறுநாள் ரோடு பிளாக்கில் வண்டியை நிறுத்திச் சீட்டைக் காட்டிக்கொண்டிருக்கும்போது கப்பல் கரும்புகை விட்டு நின்றது. ராணுவக்காரர்கள் நாலு பேரும் துப்பாக்கியைத் தூக்கிவிட்டார்கள். நான் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, மலாயில், "இன்ஜின் மாத்தி, துவான்! மாத்தி!" என்று கத்தினேன். என்ஜின் செத்துவிட்டது ஐயா என்று அர்த்தம். அரை மணி கழித்து, சூடு ஆறியதும் தானாகக் கிளம்பியது.

நானாவிடம் ஓடினேன். இருபது மைல் காற்று வாங்கிக்கொண்டு போனதால் அங்கே போய்ச் சேர்ந்தபோது வண்டி சாது மாதிரி நின்றது. அவர் துடைத்து, திருகாணியை ஒரு நூல் திருகிக் கொடுத்தார். இரண்டு நாளில் மறுபடி நின்றது. மறுபடி போனேன். மூன்றாவது தடவையும் போனேன்.

வீட்டில் பாக்கியம், "சாமிக்கு எதுலயோ குறை வச்சிட்டோம்" என்றாள். ஒவ்வொரு தடவை நான் கடையிலிருந்து வந்ததும் பழைய பொட்டின்மேலேயே புதுச் சந்தனம் வைத்தாள். நானும் பக்கத்தில் நின்று சூடம் காட்டினேன். டவுன் பள்ளிக்கூடத்தில் படிக்கிற எங்கள் மகள் சரோஜா இப்போதெல்லாம் பாதி மலாய்தான் பேசுகிறாள். காருக்குக் கெரேத்தா என்பாள்.

"அப்பா, கெரேத்தாவுக்குக் காய்ச்சலா? இத்தனை பத்து போடுறீங்களே லா" என்றாள்.

"சாமி காரியத்துல கேலி பேசாதே" என்று அதட்டினேன். அவளை அதட்டாமல் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம்.

6

அன்றைக்கு மத்தியானம் மூன்றரை மணிக்குத் தோட்டத்திலிருந்து ஆள் வந்தது. அஞ்சலை என்கிற பால்வெட்டுக்காரிக்கு வயிற்றுவலி. போய்ப் பார்த்தால், டிரஸ்ஸர் ஐயா முகமே சரியில்லை.

"குடல்வால். உள்ளே வெடிச்சா அவ்வளவுதான். இன்னைக்கே அலோர் ஸ்டார் போய்க் கத்தி வைக்கணும். ஆறு மணிக்கு ஊரடங்கு, அதுக்கு முன்னாடி பெரிய ரோட்டைப் பிடிச்சாகணும்."

பின் ஸீட்டில் அஞ்சலையைப் படுக்கவைத்து, அவள் தலையைப் புருஷன் கோவிந்தன் மடியில் வைத்தோம். டிரஸ்ஸர் ஐயா எனக்குப் பக்கத்தில். கேட்டில் சோதனைக்கே நேரம் போயிற்று. போர்வையை உதறிப் பார்த்தார்கள். அவள் இடுப்பு முடிச்சில் இருந்த விபூதிப் பொட்டலத்தை மாவா என்று கேட்டார்கள். அவ்வளவு நேரமும் கப்பல் சூடாகிக்கொண்டே நின்றது. நான் நிறுத்தப் பயந்து ஓடவிட்டிருந்தேன்.

நாலு மைல் வந்தோம். எரிஞ்ச வளைவில் கரும்புகை கக்கி, இரண்டு தடவை குலுங்கி, நின்றது.

அந்த அமைதியை எப்படி எழுதுவது! பால்மரம் வரிசை வரிசையாக, எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி. பக்கத்தில் கருகிய லோரி. அஞ்சலை பல்லைக் கடித்துக்கொண்டு முனகுகிற சத்தம் மட்டும்.

"அண்ணே" என்றான் கோவிந்தன்.

டிரஸ்ஸர் ஐயா கடிகாரத்தைப் பார்த்தார். "சூடு ஆற எவ்வளவு நேரம்?"

"அரை மணி."

"அது அவகிட்ட இல்லை."

இறங்கிப் பானெட்டைத் தூக்கினேன். பெட்ரோல் வாசனை முகத்தில் அடித்தது. என்ன செய்வதென்று தெரியவில்லை. தம்பி படுத்திருந்த கதவுப் பலகைதான் ஞாபகம் வந்தது. கண்ணை மூடிக் கைகட்டி நின்றேன். "முருகா, நான் படிக்காதவன். எனக்கு யோசிக்கத் தெரியாது. நீயே காட்டு" என்று சொன்னேன். வாய்விட்டுத்தான் சொன்னேன்.

கண்ணைத் திறந்தபோது எதிரே பொட்டு.

நாலு தடவை பூசி அடையாகக் காய்ந்திருந்தது. சூட்டில் வெடித்து, ஓரம் பெட்ரோலில் நனைந்திருந்தது. அந்த ஈரத்தில் ஒரு சின்னக் குமிழ் எழுந்து உடைந்தது. இன்னொன்று எழுந்தது. உள்ளே ஏதோ ஒன்று மூச்சு விட வழி தேடித் தேடி, சந்தனத்தைத் தள்ளிக்கொண்டிருந்தது.

இதுதான் மூக்கு என்று நானா சொன்னது அப்போதுதான் என் காதுக்குள் போனது.

கை நீட்டினேன். நீட்டிய கை நின்றது. பொய் சொல்ல மாட்டேன், நின்றது. என் கையாலேயே சூடம் காட்டிய பொட்டு. இந்த ஆபத்தான இடத்தில், இந்த நேரத்தில், அதைச் சுரண்டிப்போடுவதா? பின் ஸீட்டில் அஞ்சலை, "முருகா" என்றாள். நான் கூப்பிட்ட அதே பேர். அவனுக்கு எது வேண்டியிருக்கும், சந்தனமா, அவள் மூச்சா?

கட்டைவிரல் நகத்தால் பெயர்த்தேன். விரல் சுட்டது. துவாரத்துக்குள் இறங்கிய சந்தனம் வரவில்லை. ரோட்டோரம் ஆள் உயரத்துக்கு லாலான் புல் நின்றது. ஒரு தண்டைப் பிடுங்கி உள்ளே விட்டு மெல்லத் திருகினேன்.

ஸ்ஸ் என்று ஒரு சத்தம். குழந்தை தூக்கத்தில் பெருமூச்சு விடுகிற மாதிரி. அவ்வளவுதான். என் வாழ்நாளில் எந்தச் சன்னிதியிலும் அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை.

என்ஜினுக்குள் ரொம்பிய பெட்ரோல் போக ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்துக்கொண்டு ஸ்டார்ட்டரை அழுத்தினேன். இருமியது. மறுபடி இருமியது. மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. வளைவைத் தாண்டுகிற வரை வண்டிக்குள் யாரும் மூச்சு விடவில்லை. கப்பல் மட்டும் விட்டது.

பெரிய ரோட்டை அடைந்தபோது ஆறுக்குப் பத்து நிமிஷம் இருந்தது. அன்றே அஞ்சலைக்குக் கத்தி வைத்தார்கள். இன்னும் ஒரு மணி போயிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்ததை டிரஸ்ஸர் ஐயா எனக்கு முழுதாகச் சொல்லவில்லை. இப்போது அவள் வெட்டுக்குப் போகிறாள். என்னைப் பார்த்தால், "கப்பல்காரரே, புகை விடாம போங்க" என்கிறாள்.

7

மறுநாள் நானா கடைக்குப் போனேன். கோபம் இல்லை என்று சொல்லமாட்டேன்.

"நானா, மூணு தடவை துடைச்சீங்களே. அந்தப் பொட்டைப் பாக்கலையா?"

அவர் கையில் இருந்த சாவியைக் கீழே வைத்தார். "பார்த்தேன் அண்ணே."

"பார்த்துட்டுமா?"

"உங்க சாமி பொட்டு. எங்க கை அதுல படலாமா? அதைச் சுத்தித்தான் துடைச்சேன். அடுத்தவர் சாமி காரியத்தை உத்துப் பாக்காதேன்னு வாப்பா சொல்லி வளர்த்தார். மூணாவது தடவை எனக்கே சந்தேகம் வந்துச்சு, துவாரத்து மேலயே இருக்கோன்னு. கேக்க வாய் வரலை. நீங்க மனசு நொந்துட்டா?" அவர் கண் கலங்கிவிட்டது. "ஒரு உசிரு போயிருக்குமே அண்ணே. அல்லாட்ட நான் என்ன பதில் சொல்லுவேன்?"

என் கோபம் எங்கே போயிற்றோ. ஏனென்றால் நானும் பார்த்தேன். அவர் துணி அந்தப் பொட்டின் ஓரம் வரை வந்து, தொடாமல் வளைந்து போனதை மூன்று தடவையும் பார்த்தேன். எவ்வளவு மரியாதையான மனுஷர் என்று உள்ளுக்குள் குளிர்ந்துபோனேன். அந்தத் துணி ஏன் வளைகிறது என்று ஒரு தடவை நான் வாய் திறந்திருந்தால் போதும். இரண்டு பேரும் சாமிக்குப் பயந்தவர்கள்தான். இரண்டு பேரும் சேர்ந்துதான் அந்த மூக்கை அடைத்தோம்.

"இனிமே சொல்லிருங்க நானா. எங்க சாமி கோவிச்சுக்க மாட்டார். நேத்து அவரேதான் குமிழ் விட்டுக் காட்டினார்."

"சொல்லிர்றேன் அண்ணே. நீங்களும் கேளுங்க."

ஆகவே இந்த வருஷம், நேற்றுப் பூஜைக்கு நானாவை வரச்சொல்லியிருந்தேன். பஸ் பிடித்து வந்தார். பாக்கியம் கையை நிறுத்தி என்னைக் கேட்டபோது, அவர் முன்னால் வந்து, "தங்கச்சி, இங்கே" என்று துவாரத்தைத் தன் ஆள்காட்டி விரலால் மூடிக் காட்டினார். "இதை விட்டுட்டு எங்கே வேணா வைங்க."

அவள் அந்த விரலுக்குப் பக்கத்தில், ஓர் ஓரமாக, சின்னதாக வைத்தாள். வைக்கும்போது சந்தனம் அவர் விரலிலும் கொஞ்சம் பட்டுவிட்டது. அவள் பதறி முந்தானையை எடுத்தாள்.

"ஐயோ, அண்ணே, துடைச்சுக்குங்க!"

நானா விரலைத் தூக்கிப் பார்த்தார். "அஸர் தொழுகைக்கு ஒளு எடுக்கும்போது எப்படியும் கை கழுவணும். அதுவரைக்கும் இருக்கட்டும், தங்கச்சி."

நான் என்ஜினை ஓடவிட்டேன். சரோஜா யாரும் சொல்லாமலே உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து அதன் தலைமேல் வைத்தாள். நாலு பேரும் குனிந்து பார்த்தோம். தண்ணீர் அசையவில்லை.